பி.பி. மாத்திரையும் மனச்சிதைவும்: ஒரு வேர் நடத்திய பாடம்



உங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயோ, சாமி படத்துக்குப் பக்கத்திலேயோ ஒரு மாத்திரை டப்பா கண்டிப்பா இருக்கும். அம்லோடிபின், டெல்மிசார்டன், எனலாப்ரில், ஏதோ ஒரு பெயர். பாட்டிக்கு, அப்பாவுக்கு, சில வீடுகளில் இரண்டு பேருக்குமே. எங்க வளவனூர் பக்கம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரையும் கொடுத்துட்டுப் போறாங்க. 2021-ல் இந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து பி.பி. மாத்திரை என்பது பால் பாக்கெட் மாதிரி சாதாரணமான பொருளாகிவிட்டது.

இந்த மாத்திரைக்கும், யாருமே இல்லாத அறையில் யாரோ திட்டுவது போலக் குரல் கேட்கிற நோய்க்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. அதுவும் அந்தச் சம்பந்தத்தை முதலில் தாளில் எழுதி அச்சடித்தது நம்ம நாட்டில்தான். 'எஞ்சினியரிங் படிக்கிறவனுக்கு இது எதுக்குடா' என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்க. கடைசியில் இது ஒரு பம்ப் பற்றிய கதை. நம்ம சிலபஸ்தான்.

முதலில் நோய். சைக்கோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது, எது நிஜம் எது நிஜமில்லை என்று பிரித்தறிகிற திறன் குலைந்துபோகிற நிலை. காதில் குரல் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்குள் மைக் வைத்திருக்கிறார் என்று அசைக்க முடியாத நம்பிக்கை வரும். இந்த வகை நோய்களில் முக்கியமானது மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலகத்தில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் தொடங்குவது பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும். அதாவது நம்ம வயசில். நம்ம காலேஜ் ஹாஸ்டலில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணி 300-ஆல் வகுத்துப் பாருங்க. 'அவனை கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா' என்று கேன்டீனில் அடிக்கிற ஜோக் அதற்கப்புறம் அவ்வளவு சிரிப்பாக இருக்காது.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1794 வரை போகிற வரலாறு உண்டு. ஆனால் அந்த இரண்டு நூற்றாண்டுச் சொச்சத்தில் பெரும்பகுதிக்கு, அங்கேயும் சரி, லண்டனிலும் பாரிஸிலும் சரி, மனச்சிதைவுக்கு மருந்து என்று ஒன்றே கிடையாது. அடைத்து வைப்பார்கள். இருபதாம் நூற்றாண்டில் இன்சுலின் கொடுத்துக் கோமாவுக்குக் கொண்டுபோனார்கள், மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுத்தார்கள். அறுத்த முறைக்கு 1949-ல் நோபல் பரிசும் கொடுத்தார்கள்! நிலைமை அப்படி இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படிங்க.

சர்ப்பகந்தா என்று ஒரு சின்னச் செடி. மலையாளத்தில் அமல்பொரி. வேர் பாம்பு மாதிரி வளைந்து நெளிந்து இருக்கும், பாம்புக்கடிக்கு மருந்து என்ற நம்பிக்கையும் உண்டு. தாவரவியலில் இதன் பேரினத்துக்கு ரௌவொல்ஃபியா என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ரௌவொல்ஃப் நினைவாக வைத்தது. அந்த மனிதர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை என்பது தனி காமெடி. ஆனால் பீகார் பக்கம் கடைகளில் இந்த வேருக்கு வேறு பெயர்: 'பாகல் கி தவா'. பைத்தியத்துக்கு மருந்து என்று அர்த்தம். ஒளிவு மறைவே இல்லை.

1931-ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்டு' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பே முழுக்கதையையும் சொல்லிவிடும்: சர்ப்பகந்தா, பைத்தியத்துக்கும் உயர் ரத்த அழுத்தத்துக்கும் ஒரு புதிய இந்திய மருந்து. இரண்டு நோயும் ஒரே வரியில். அதே ஆண்டில் டெல்லி திப்பியா கல்லூரியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் இந்த வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஒன்றுக்கு அஜ்மலின் என்று பெயர், ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக. இதயத்துடிப்புக் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் ஒரு சோதனையில் அது இன்றும் பயன்படுகிறது.

அதற்கப்புறம்? கிட்டத்தட்ட 20 வருஷம் வெளியுலகம் கண்டுகொள்ளவே இல்லை.

இங்கே நம்மில் பாதிப்பேர் 'வெள்ளைக்காரன் நம்மை மதிக்கலை' என்று ஆரம்பித்துவிடுவோம். அது ஓரளவு உண்மைதான், கல்கத்தா இதழை லண்டனில் எத்தனை பேர் படித்திருப்பார்கள். ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேர்ப்பொடி என்பது ஒரே தரத்தில் வருகிற பொருள் இல்லை. எந்த மண், எந்த மாதம் பிடுங்கியது, எப்படிக் காயவைத்தது என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கிற சரக்கு மாறும். போன மாதம் ஒரு கரண்டியில் தூங்கியவர் இந்த மாதம் அதே கரண்டியில் மயங்கி விழலாம். டாலரன்ஸ் குறிப்பிடாத டிராயிங்கை எந்த வொர்க்‌ஷாப்பிலும் வாங்க மாட்டார்கள். மருத்துவமும் அப்படித்தான்.

அந்தச் சுவரை உடைத்தவர் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல். 50 ரத்த அழுத்த நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தா கொடுத்து, எண்களோடு 1949-ல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் முயன்று பார்த்தார், பி.பி. குறைந்தது மட்டுமல்ல, நோயாளிகள் ஒருவித அமைதிக்கு வந்தார்கள் என்பதையும் கவனித்தார். 1952-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் வேரின் முக்கியச் சரக்கைத் தனியாகப் பிரித்தார்கள். அதுதான் ரெசர்பின். இனி கரண்டி கணக்கு இல்லை, மில்லிகிராம் கணக்கு. 1954-ல் நியூயார்க்கின் ராக்லாண்ட் அரசு மருத்துவமனையில் நாதன் கிளைன் மனநோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். வார்டுகளில் கத்தலும் அடிதடியும் குறைந்தன, சிலர் பேசும் நிலைக்கு வந்தார்கள். 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது வக்கீலுக்கும் கிளைனுக்கும் ஒரே வருஷத்தில் கிடைத்தது. ஒருவருக்கு ரத்த அழுத்தத்துக்காக, இன்னொருவருக்கு மனநோய்க்காக. 1931 தலைப்பில் ஒரே வரியில் இருந்தது இரண்டு விருதாகப் பிரிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, இப்போ பம்ப்.

நரம்பு செல்லின் நுனியை உங்க ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைச்சுக்கோங்க. கீழே சம்ப். அங்கே டோபமின், நார்அட்ரினலின், செரட்டோனின் போன்ற ரசாயனங்கள் தயாராகின்றன. மோட்டார் அவற்றை மேலே ஏற்றித் தொட்டியில் நிரப்புகிறது. செல்லுக்குள் இந்தத் தொட்டி என்பது நுண்ணிய பைகள். மின்சாரச் சமிக்ஞை வந்ததும் குழாய் திறக்கும், தண்ணீர் அடுத்த செல்லின் குடத்தில் விழும். அந்தக் குடம்தான் ரிசெப்டர். சம்பிலேயே தேங்கிக் கிடக்கிற தண்ணீரை ஒரு என்சைம் உடைத்து வீணாக்கிவிடும்.

ரெசர்பின் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: மோட்டாரை எரித்துவிடுகிறது. அந்த மோட்டாருக்கு விமேட் என்று பெயர். தொட்டியில் இருப்பது மெல்ல வடிகிறது, புதிதாக ஏறுவதில்லை. ஓரிரு நாளில் குழாயைத் திறந்தாலும் காற்றுதான் வரும். ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிற நரம்புகளில் நார்அட்ரினலின் காலியாகிறது, குழாய்கள் தளர்கின்றன, பி.பி. இறங்குகிறது. மூளையில் டோபமின் காலியாகிறது, குரல்களும் சந்தேகங்களும் அடங்குகின்றன. கழுத்துக்குக் கீழேயும் மேலேயும் இருக்கிறது ஒரே கம்பெனி மோட்டார்! அதனால்தான் ஒரே வேருக்கு இரண்டு மருந்துச் சீட்டு. எரிந்த மோட்டாரைச் செல் புதிதாகச் செய்து மாட்ட வேண்டும் என்பதால், மாத்திரையை நிறுத்தினாலும் விளைவு பல நாள் நிற்கும்.

இதெல்லாம் 1954-ல் யாருக்கும் தெரியாது. மருந்து முதலில் வந்தது, காரணம் பிறகு வந்தது. காரணத்தைத் தேடிப்போனவர்களில் ஒருவர் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன். 1957-ல் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். காது தொங்கிப்போய், அசையாமல், பொம்மை மாதிரி கிடந்தன. அப்புறம் டோபமினாக மாறக்கூடிய எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். முயல்கள் எழுந்து நடந்தன. அதுவரை டோபமின் என்பது நார்அட்ரினலின் தயாரிப்பில் வருகிற ஒரு இடைநிலைப் பொருள், தனக்கென்று வேலை இல்லாதது என்றுதான் நினைத்திருந்தார்கள். கார்ல்சனின் முயல்கள் அந்த எண்ணத்தை முடித்துவைத்தன. பார்கின்சன் நோய்க்கு இன்று கொடுக்கிற எல்-டோபா இந்த வழியாக வந்ததுதான். 2000-ல் அவருக்கு நோபல் பரிசு.

இன்னொரு விஷயமும் இதிலிருந்து புரிந்தது. அதே காலத்தில், 1952-ல் பாரிஸில் பயன்பாட்டுக்கு வந்த குளோர்ப்ரோமசின் என்ற மருந்தும் சைக்கோசிஸை அடக்கியது. ஆனால் அது மோட்டாரைத் தொடவே இல்லை. குடத்துக்கு மூடி போட்டது. 1963-ல் கார்ல்சனின் ஆய்வு இந்தத் திசையைக் காட்டியது. மோட்டாரை நிறுத்தினாலும் நோய் தணிகிறது, குடத்தை மூடினாலும் தணிகிறது என்றால், இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது. சைக்கோசிஸில் டோபமினின் பங்கு பற்றிய கோட்பாடு இப்படித்தான் உருவானது. பார்கின்சன் நோயாளிகளுக்கு எல்-டோபா அதிகமானால் சிலருக்கு மாயத்தோற்றங்கள் வருவது இதே நாணயத்தின் மறுபக்கம். (டோபமின் மட்டுமே முழுக்கதை என்று யாரும் இப்போது சொல்வதில்லை. மூளை நம்ம தண்ணீர்த் தொட்டியைவிடக் கொஞ்சம் சிக்கலானது.)

அப்படியென்றால் ஏன் இன்றைக்கு மனநல டாக்டர்கள் ரெசர்பின் எழுதுவதில்லை? மோட்டாரை எரிப்பது முரட்டு வேலை. டோபமின் மட்டும் காலியாவதில்லை, மூன்று ரசாயனமும் சேர்ந்து காலி. மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு, கை நடுக்கம், உடல் விறைப்பு. மனநோய்க்காகக் கொடுத்த அளவு, இன்று பி.பி.க்குச் சொல்லப்படும் கால் மில்லிகிராமைவிடப் பல மடங்கு அதிகம், அதனால் தொல்லையும் அதிகம். சிலருக்குக் கடும் மனச்சோர்வு வந்ததாகவும் தற்கொலைகள் நடந்ததாகவும் செய்திகள் வந்தன. இதில் ஒரு முடிச்சு இருக்கிறது: 1955-ல் லண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் முறையாகச் சோதித்தபோது, பதற்றமும் சோர்வும் இருந்த நோயாளிகளுக்கு ரெசர்பின் உதவியதாகத்தான் தெரிந்தது. மருந்து சோர்வைக் கொண்டுவருகிறதா என்ற வாதம் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படியோ, குளோர்ப்ரோமசின் வேகமாக வேலை செய்தது, அளவைக் கூட்டிக் குறைப்பது சுலபம். ரெசர்பின் ஒதுங்கிவிட்டது. பழைய டாக்டர்களைக் கேட்டால், ரெசர்பின் கலந்த 'அடெல்ஃபேன்' மாத்திரையை பி.பி.க்கு எழுதியதை ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அந்த மோட்டார் கதை மட்டும் முடியவில்லை. சைக்கோசிஸ் மருந்துகளை வருஷக்கணக்கில் சாப்பிடுகிற சிலருக்கு வாயும் நாக்கும் தானாக அசைகிற தொல்லை வரும். அதற்கு 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வால்பெனசின், டியூடெட்ராபெனசின் இரண்டும் அதே விமேட் மோட்டாரைத்தான் குறிவைக்கின்றன. எரிப்பதில்லை, வேகத்தைக் குறைக்கின்றன, பிறகு விட்டுவிடுகின்றன.

வேறு பி.பி. மருந்துகளும் மனநல ஆராய்ச்சியில் வந்துகொண்டே இருக்கின்றன. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு தோல்விக் கதை. சோடியம் நைட்ரோபுருசைடு என்பது பி.பி. அபாயமாக எகிறும்போது ஐ.சி.யூ.வில் சொட்டுச்சொட்டாக ஏற்றுகிற மருந்து. 2013-ல் பிரேசிலில் மனச்சிதைவு உள்ள 20 பேரை வைத்து ஒரு சோதனை. ஒரே ஒரு முறை, 4 மணி நேரம் ஏற்றினார்கள். சில மணி நேரத்திலேயே முன்னேற்றம், அது வாரக்கணக்கில் நீடித்தது என்று 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வந்தது. எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். பிறகு இங்கிலாந்து, சீனா, அமெரிக்கா என்று வேறு குழுக்கள் செய்துபார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. யாரும் ஏமாற்றவில்லை. 20 பேர் என்பது சின்ன எண். புராஜெக்ட் டெமோவில் ஒரு தடவை ஓடிய கோடு, ரிவ்யூ அன்றைக்கு ஓடாத அனுபவம் நம்ம எல்லாருக்கும் தெரியும்.

பெரிய எண்களும் இருக்கின்றன. ஸ்வீடனில் கடும் மனநோய் உள்ள 1,42,000-க்கும் மேற்பட்டவர்களின் பதிவேடுகளை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு. வெராபமில் போன்ற கால்சியம் சேனல் மருந்துகள் சாப்பிட்ட மாதங்களையும் சாப்பிடாத மாதங்களையும் அதே ஆளிடம் ஒப்பிட்டார்கள். சாப்பிட்ட காலத்தில் மனநல மருத்துவமனையில் சேர்வது குறைவாக இருந்தது. நல்ல முறைதான். ஆனாலும், பி.பி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிற மாதத்தில் ஒருவர் மற்ற மாத்திரைகளையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பார் இல்லையா? பதிவேட்டை வைத்து இந்தச் சந்தேகத்தை முழுசாகத் தீர்க்க முடியாது.

2021-ல் வந்தது எதிர்த்திசையில். எனலாப்ரில் வகை மருந்துகள் ஏ.சி.இ. என்ற என்சைமை அடக்குகின்றன. பிறவியிலேயே அந்த என்சைம் குறைவாக இருக்கும்படி மரபணு அமைந்தவர்கள் உண்டு. அந்த மரபணு வேறுபாடுகளை இயற்கையே நடத்திய சோதனையாக எடுத்துக்கொண்டு பார்த்தபோது, ஏ.சி.இ. குறைவதற்கும் மனச்சிதைவு ஆபத்து கூடுவதற்கும் ஒரு தொடர்பு தெரிந்தது. தலைப்புச் செய்தியாக இது எப்படி வரும் என்று யோசித்துப் பாருங்க: 'பி.பி. மாத்திரை சாப்பிட்டால் பைத்தியமா?' ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்ட் ஆகி, உங்க பாட்டி மாத்திரையை நிறுத்திவிடுவார். பிறவி முதல் குறைவாக இருப்பதும், 60 வயதில் மாத்திரையால் குறைப்பதும் ஒன்றல்ல. மூளை உருவாகிற காலத்தைப் பாட்டி எப்போதோ தாண்டிவிட்டார். பி.பி.யை அப்படியே விட்டால் பக்கவாதம் வரும் என்பதோ பலமுறை நிரூபிக்கப்பட்ட விஷயம்.

இதே குரூப்பில் அடுத்த வாரம் இன்னொன்று வரும்: 'நம் முன்னோர் கண்டுபிடித்த சர்ப்பகந்தா இருக்க இங்கிலீஷ் மாத்திரை எதற்கு?' பொடி ஆன்லைனிலேயே கிடைக்கிறது. முன்னோர் கண்டுபிடித்தது உண்மை, அதில் எனக்குப் பெருமைதான். அதனால்தான் சொல்கிறேன், அது விளையாட்டுப் பொருள் இல்லை, மோட்டாரை எரிக்கிற சரக்கு. ஏற்கெனவே பி.பி. மாத்திரையோ மனநல மாத்திரையோ சாப்பிடுகிறவர் அதன் மேல் இந்தப் பொடியையும் போட்டால் என்ன ஆகும் என்று மேலே படித்ததை வைத்தே நீங்களே கணக்குப் போடலாம். காட்டில் அளவுக்கு மீறிப் பிடுங்கியதால் செடியே இன்று சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

உண்மையில் இந்த ஆராய்ச்சிகளைவிட நம்ம வீடுகளுக்கு அவசரமான விஷயம் வேறு. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலரைக் கொல்வது மனநோய் அல்ல, இதய நோய் போன்ற சாதாரண வியாதிகள். 'அவருக்கு மனசு சரியில்லை' என்றவுடன் அவருக்கு பி.பி. பார்க்கவே எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். டாக்டர் சாரதா மேனன் மாதிரி ஆட்கள், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர், கீழ்ப்பாக்கத்தை வழிநடத்தியவர், 1984-ல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கியவர், வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அந்த நோயாளியை ஒரு முழு மனிதராக நடத்தச் சொன்னதுதான்.

அதனால் வீட்டில் இரண்டு வகை மாத்திரையும் சாப்பிடுகிறவர் இருந்தால் சிலவற்றைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. சைக்கோசிஸ் மருந்துகள் பலவும் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும். பி.பி. மாத்திரையும் சேர்ந்தால் படுக்கையிலிருந்து சட்டென்று எழும்போது தலைசுற்றி விழலாம். உட்கார்ந்து, நிதானித்து, பிறகு எழச் சொல்லுங்க. லித்தியம் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கவனம்: எனலாப்ரில், டெல்மிசார்டன் வகைகளும், சிறுநீர் போக வைக்கும் தயசைடு மாத்திரைகளும் ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும். கை நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி, குழப்பம் என்று விஷமாகிற நிலை வரை போகலாம். பி.பி. மாத்திரையை மாற்றினால் லித்தியம் அளவைச் சோதிக்க வேண்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீங்க. ஹாஸ்டலில் நண்பன் யாருக்காவது குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசலாம். இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

ஒரு சின்ன வேலை மட்டும். பி.பி.க்கு ஒரு டாக்டர், மனசுக்கு ஒரு டாக்டர் என்று இரண்டு இடத்தில் காட்டுகிற வீடுகளில், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிவதே இல்லை. முண்டியம்பாக்கம் போனாலும் சரி, ரயிலேறி ஜிப்மர் போனாலும் சரி, இரண்டு சீட்டையும் ஒரே கவரில் போட்டு எடுத்துட்டுப் போங்க. நாட்டு மருந்துப் பொடி ஏதாவது இருந்தால் அந்த டப்பாவையும்.